சுருட்டி வைத்த பாதி

சின்னவள் கண் பரிசோதனையில் தோற்றாள். அதற்காகப் பெரியவளை ரயிலிலிருந்து இறக்கி உட்கார வைத்தார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று மாமியார் வாய்விட்டே சொல்லிவிட்டாள். ஆனால் அந்த உத்தரவைப் போட்ட ரயில் டாக்டர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது. அண்ணிக்கு உறுத்தியது அதுதான். முழு அநியாயம் என்றால் சண்டை போடலாம். பாதி நியாயத்தோடு சண்டை போட முடியாது; அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அண்ணி என்பது வீட்டில் அவளுக்கு நிலைத்துவிட்ட பெயர். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இரண்டு நாத்தனார்களும் வாய்க்கு வாய் அண்ணி என்று கூப்பிட, மாமனார் மாமியாருக்கும் அது தொற்றிக்கொண்டது. கட்டிய கணவனே ஒருமுறை வாய் தவறி அப்படிக் கூப்பிட்டு மாட்டிக்கொண்டான். வெளியே அவள் ஓர் ஆஸ்பத்திரியின் ஜீன் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறாள்.

நாத்தனார்கள் இருவரும் ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்த இரட்டையர். மூக்கும் முழியும் ஒன்று, நடையும் ஒன்று, தும்மல்கூட ஒரே சுருதி. ஒருத்தியின் போனை மற்றவள் முகத்தைக் காட்டித் திறந்துவிடுவாள் என்பதால் அவர்களுக்குள் ரகசியம் என்ற ஒன்றே கிடையாது. பெரியவள் நகர ரயில் ஓட்டுகிறாள். சின்னவள் லிஃப்ட் மெக்கானிக். மேலே போய்க் கீழே வந்து அலுத்துவிட்டது, இனிமேல் நேராகப் போய்ப் பார்க்கலாம் என்று அவளும் ரயில் ஓட்டும் வேலைக்கு மனுப் போட்டாள். எழுத்துத் தேர்வைத் தண்ணீர் பட்ட பாடாக முடித்தாள். கடைசியில் மருத்துவப் பரிசோதனை வந்தது.

அங்கே ஒரு புத்தகம் வைத்திருப்பார்கள். பக்கத்துக்குப் பக்கம் வண்ணப் புள்ளிகளால் நிறைந்த வட்டங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு அந்தப் புள்ளிகளுக்கு நடுவே ஓர் எண் எழுந்து நிற்கும். பிரிக்கத் தெரியாத கண்ணுக்கு வெறும் புள்ளிதான். சின்னவள் முதல் பக்கத்தைப் பார்த்தாள், திருப்பிப் பார்த்தாள், தூர வைத்துப் பார்த்தாள். எண் எங்கே இருக்கிறது என்று டாக்டரையே கேட்டாள்.

டாக்டர் அவள் முகத்தைப் பார்த்தார். இதே முகம் சில வருஷங்களுக்கு முன் இதே நாற்காலியில் உட்கார்ந்து எல்லாப் பக்கத்தையும் கடகடவென்று படித்தது அவருக்கு நினைவு வந்தது. அன்று மாலையே பெரியவளை வரவழைத்தார். அவள் மறுபடியும் ஒரு பக்கம் விடாமல் படித்தாள். தூரத்து விளக்கின் நிறத்தைச் சொல்லும் பரிசோதனையிலும் தேறினாள். ஆள் மாறாட்டம் எதுவும் இல்லை என்பது கைரேகையிலேயே தெரிந்துவிட்டது. எல்லாம் சரி என்று அனுப்பிவிடுவார் என்றுதான் பெரியவள் நினைத்தாள். அவர் அனுப்பவில்லை.

"ஒரே அச்சுல வார்த்த ரெண்டு பொம்மை நீங்க," என்றாராம். "ஒண்ணுல விரிசல் இருக்கு. இன்னொண்ணுல இன்னைக்கு இல்லை, சரி. நாளைக்கு வராதுன்னு எதை வச்சு நான் நம்பறது? உன் பின்னாடி எத்தனை பேர் உக்காந்து வர்றாங்கன்னு உனக்கே தெரியும்."

எனக்குப் பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்று சின்னவள் சொல்லிப் பார்த்தாள். அப்படிச் சொல்பவர்களில் பாதிப்பேர் எப்போது ஆரம்பித்தது என்று தெரியாதவர்கள்தான் என்று அவர் பதில் சொன்னார். அதுவும் உண்மைதான். மருத்துவக் குழு கூடுவதற்குள், ஒருத்திக்கு இருப்பது மற்றவளுக்கு ஏன் இல்லை, ஏன் வராது என்று விளக்கிக் காட்டினால் பெரியவள் ரயிலுக்குத் திரும்பலாம். இல்லையென்றால் நிரந்தரமாக மேஜை வேலை. அதுவரை பயணிகள் தொலைத்த பொருள்களைக் காக்கும் அறையில் அவளை உட்கார வைத்தார்கள். இத்தனை பேர் குடையை மறந்துவிட்டு எப்படித்தான் நனையாமல் வீடு போய்ச் சேருகிறார்களோ என்று வந்து சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் சாப்பாட்டில் கை வைக்கவில்லை.

அண்ணிக்கு அப்போதே விடை பாதி தெரிந்துவிட்டது. மறுநாள் சாயங்காலம் தன் கூடத்திலிருந்து அதே மாதிரிப் புள்ளிப் புத்தகம் ஒன்றைக் கடன் வாங்கி வந்து, நேராக மாமனார் முன்னால் விரித்தாள்.

மாமனார் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எண் என்றால் விடமாட்டார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பக்கம் பக்கமாகப் பார்த்தார். கடைசியில் அச்சு சரியில்லை என்று தீர்ப்புச் சொன்னார்.

"அச்சு சரியாத்தான் இருக்கு," என்றாள் மாமியார். "கல்யாணமான நாள்லேர்ந்து நீங்க வாங்கிட்டு வந்த தக்காளியில பழுத்தது ஒண்ணு இருந்திருந்தா, அது கடைக்காரன் பண்ண தப்பு."

அவருக்கு எதையும் ஒப்புக்கொள்ள மனமில்லை. தெரு விளக்கில் மேலே இருப்பது சிவப்பு, கீழே இருப்பது பச்சை, இதில் என்ன குழப்பம் என்று கேட்டார். எல்லோரும் இடத்தைப் பார்த்துத்தான் சொல்கிறார்கள் என்று இத்தனை காலம் நினைத்திருக்கிறார் மனிதர். சின்னவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். தனக்கும் அப்படித்தான் என்று அப்புறம் மெதுவாகச் சொன்னாள்.

அண்ணி காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒன்றை விளக்க ஆரம்பித்தால் அவளுக்குப் பசி தெரியாது. மற்றவர்களுக்கும் பசிக்காது என்று நினைத்துக்கொள்வாள்.

சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க வைக்கும் ஜீன்கள் எக்ஸ் குரோமோசோமில் இருக்கின்றன. ஆணுக்கு எக்ஸ் ஒன்றே ஒன்று. மாமனாருடைய ஒரே எக்ஸில் அந்த இடத்தில் பிழை, அதனால் அவருக்கு நிறம் பிரியவில்லை. பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஆக இரட்டையர் இருவரிடமும் அப்பாவின் பிழையுள்ள பிரதியும் இருக்கிறது, அம்மாவின் நல்ல பிரதியும் இருக்கிறது. எழுத்துக்கு எழுத்து இருவரிடமும் ஒன்றேதான்.

"அப்போ டாக்டர் சொல்றது சரிதானே அண்ணி," என்றாள் பெரியவள். "ரெண்டு பேர்கிட்டயும் ஒண்ணுதான்னா, இவளுக்கு வந்தது எனக்கும் வரும்."

"எழுதியிருக்கிறது ஒண்ணுதான். படிக்கிறது ஒண்ணா இருக்கணும்னு யார் சொன்னா?"

அந்த இடத்தில் அண்ணியின் குரலே மாறிவிட்டது. ஒரு செல்லுக்குள் இருக்கிற டி.என்.ஏ. இழைகளை நீட்டி ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டால் ஓர் ஆள் உயரத்தைத் தாண்டும். அத்தனையும் கண்ணுக்கே தெரியாத ஒரு பொட்டுக்குள் அடங்க வேண்டும். சும்மா திணித்தால் சிக்கிக்கொள்ளும். அதனால் செல் அதைச் சின்னச் சின்னப் புரத உருளைகளின் மேல் நூல்கண்டு மாதிரிச் சுற்றி வைக்கிறது. சுற்றல் தளர்வாக இருக்கும் இடத்தில் படிக்கும் இயந்திரங்கள் நுழையலாம். அந்த ஜீன் வேலை செய்யும். இறுக்கிச் சுற்றிய இடத்தில் ஈ நுழைய வழியில்லை. ஜீன் இருந்தும் இல்லாத மாதிரிதான். ஈரல் செல்லிலும் கண் செல்லிலும் ஒரே நூல்தான் கிடக்கிறது. எது இறுகியிருக்கிறது, எது தளர்ந்திருக்கிறது என்பதில்தான் ஈரல் ஈரலாகிறது, கண் கண்ணாகிறது.

எக்ஸ் விஷயத்தில் இது இன்னும் ஒரு படி மேலே. பெண்ணின் ஒவ்வொரு செல்லும் இரண்டு எக்ஸில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றொன்றைக் கிட்டத்தட்ட முழுசாக இறுக்கி, உருண்டையாக்கி, ஓரமாக ஒட்டி வைத்துவிடுகிறது. கரு கடுகளவு ஆவதற்கு முன்பே இது நடந்துவிடும்.

"எதைச் சுருட்டறதுன்னு யார் சொல்லுவா?" பெரியவளுக்கு எந்த உத்தரவும் எங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

"யாரும் சொல்ல மாட்டாங்க. பூவா தலையாதான். ஒவ்வொரு செல்லும் தனித்தனியாப் போட்டுப் பாத்துக்கும். ஆனா ஒரு தடவை முடிவு பண்ணிட்டா, அந்தச் செல்லோட பிள்ளை, பேரன், கொள்ளுப்பேரன் வரைக்கும் அதே எக்ஸ்தான் சுருண்டு கிடக்கும்."

பெரும்பாலான பெண்களுக்குக் கண்ணில் இரண்டும் கலந்து கிடக்கும். பாதிச் செல்களில் நல்ல பிரதி திறந்திருந்தாலே நிறம் நன்றாகத் தெரியும். பெரியவளின் கதை அதுதான். எப்போதாவது ஒருத்திக்கு, போட்ட காசெல்லாம் ஒரே பக்கம் விழுந்துவிடும். சின்னவளின் கண்ணில் அம்மாவின் நல்ல எக்ஸ் எல்லாச் செல்களிலும் சுருண்டு கிடக்க வேண்டும்.

"சீட்டுக் குலுக்கினா எனக்கு என்னைக்கு நல்ல சீட்டு வந்திருக்கு," என்றாள் சின்னவள். "அப்பா, உங்க சொத்துன்னு எனக்கு வந்தது இது ஒண்ணுதான்."

விளக்கம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் விளக்கம் வேறு, நிரூபணம் வேறு. கதை நன்றாக இருக்கிறது என்பதற்காக ரயில் டாக்டர் கையெழுத்துப் போட மாட்டார்.

நிரூபிக்கும் வழியும் அண்ணியின் கூடத்தில் இருந்தது. சுருட்டப்பட்ட எக்ஸின் மேல் செல் சின்னச் சின்ன வேதி முத்திரைகள் குத்தி வைக்கும். முத்திரை இல்லாத இடத்தில் மட்டும் வெட்டும் ஒரு கத்தரி உண்டு. கத்தரி என்றால் என்சைம்தான். அதை விட்டால், திறந்திருக்கும் எக்ஸ் துண்டாகிவிடும், சுருண்டிருக்கும் எக்ஸ் தப்பிக்கும். அப்புறம் பிரதி எடுக்கும் இயந்திரத்தில் போட்டால் துண்டானது பெருகாது, தப்பித்தது மட்டும் லட்சம் லட்சமாகப் பெருகும். அந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சிறு சொல் திரும்பத் திரும்ப வரும் ஒரு பகுதி இருக்கிறது. அதன் நீளம் ஆளுக்கு ஆள் வேறுபடும். மாமனாருடையது குட்டை, மாமியாரிடமிருந்து வந்தது நெட்டை. எந்த நீளம் அதிகமாகப் பெருகியிருக்கிறது என்று பார்த்தால், யாருடைய எக்ஸ் எத்தனை பங்கு சுருண்டு கிடக்கிறது என்று சொல்லிவிடலாம்.

கூடத்தின் தலைவியை எல்லோரும் டைரக்டரம்மா என்பார்கள். சொந்த நாத்தனாருக்கு நீயே பரிசோதனை செய்தால் நாளைக்கு நாக்கில் பல்லுப் போட்டுப் பேசுவார்கள் என்று அவர் சொன்னார். மாதிரிகளுக்குப் பெயர் எழுதாமல் தானே குறி வைத்துக் கொடுத்தார். எது யாருடையது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். முடிவு எப்படி வந்தாலும் டாக்டருக்குப் போகும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டார். அண்ணி யோசிக்காமல் சம்மதித்தாள். தன் கணக்கு தப்பாது என்று அவளுக்கு அவ்வளவு உறுதி.

வழக்கம்போல ரத்தம் எடுத்தார்கள். அந்தக் கூடத்தில் யார் வந்தாலும் முதலில் கையை நீட்டச் சொல்வதுதான் பழக்கம். ரத்தம் சுலபமாகக் கிடைக்கும், நிறையக் கிடைக்கும், உடம்பெல்லாம் ஓடுவது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்.

முடிவு வந்தது. இரண்டு மாதிரியிலும் நெட்டை முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கீழே, குட்டை கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே. இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. எது யாருடையது என்று கேட்கக்கூடத் தேவையில்லாதபடி ஒன்றாக இருந்தது.

அண்ணி கத்தரியைச் சந்தேகப்பட்டாள். வேறு புட்டியிலிருந்து எடுத்துப் போட்டாள். மாதிரி மாறியிருக்குமோ என்று புதிதாக ரத்தம் எடுத்தாள். மறுபடியும் அதே முடிவு. டைரக்டரம்மா திரையைப் பார்த்துவிட்டு அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். சின்னவளின் உடம்பிலும் பெரியவளின் உடம்பிலும் சுருட்டல் ஒரே மாதிரி என்றால், அண்ணியின் விளக்கம் தரையில் கிடக்கிறது. டாக்டரின் பொம்மைக் கதை எழுந்து நிற்கிறது. குழு கூட இன்னும் சில நாள்தான் இருந்தது.

வீட்டில் மறைக்க அவளுக்கு இஷ்டமில்லை. சாப்பிட உட்கார்ந்ததும், முடிவு நமக்கு எதிராக வந்திருக்கிறது, இரண்டு பேர் ரத்தமும் ஒன்றாக இருக்கிறது என்று நேராகச் சொல்லிவிட்டாள். மாமனார் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியவள் தலையாட்டினாள், குடைகளோடு காலம் தள்ளத் தயாராகிக்கொண்டிருப்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. சின்னவள்தான் பொறுக்க மாட்டாமல் கத்தினாள். தான் அந்த மனுவைப் போடாமல் இருந்திருந்தால் இவள் இன்றைக்கும் ரயில் ஓட்டிக்கொண்டிருப்பாள் என்றாள்.

"போடி, நீயா பண்ணினே," என்றாள் பெரியவள்.

"நான்தான் பண்ணினேன். உன் வேலையைக் குடிச்சது நான்தான்."

மாமியாருக்கு அழுகை வந்தால் கூடவே பழங்கதையும் வரும். "நல்லாப் பேசினே போ," என்றாள் சின்னவளிடம். "யார் யாரைக் குடிச்சா? பொறக்கும்போதே உன் ரத்தத்தையெல்லாம் உறிஞ்சிட்டு வந்தவ இவ. குண்டுத் தக்காளி மாதிரி செக்கச்செவேல்னு இவ பொறந்தா. பின்னாடியே நீ வெள்ளைக் காகிதம் மாதிரி வந்தே. டாக்டரம்மா ரெண்டையும் பக்கத்துல வச்சுட்டு, ஒரே நஞ்சுக்கொடி, ஒரு குழந்தையோட ரத்தம் இன்னொண்ணுக்குப் போயிடுச்சுன்னாங்க. பிழைச்சது பெரிசு."

அண்ணி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அத்தை, மறுபடி சொல்லுங்க. ஒரே நஞ்சா?"

"ஒண்ணேதான். என் கண்ணால பாத்தேனே."

அண்ணி சிரிக்க ஆரம்பித்தாள். இப்படிப்பட்ட நேரத்தில் சிரிப்பது நன்றாக இல்லை என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்ததுகூடப் பரவாயில்லை, நெய்யைத் தேடி மோர்ப்பானைக்குள் தலையை விட்டிருக்கிறேன் என்றாள்.

ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொண்ட இரட்டையரின் ரத்தக் குழாய்கள் அங்கே ஒன்றோடொன்று கலந்திருக்கும். ரத்தம் மட்டுமா போய்வரும்? ரத்தத்தை உண்டாக்கும் மூலச் செல்களும் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கமும், அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கமும் போய், எலும்புக்குள் குடியேறி, ஆயுள் முழுக்க ரத்தம் தயாரித்துக்கொண்டிருக்கும். சின்னவளின் கையில் குத்தி எடுத்ததில் பாதி, பெரியவள் கொடுத்த ரத்தம். பெரியவளிடம் எடுத்ததில் பாதி சின்னவளுடையது.

"ரெண்டு பானை சோத்தையும் ஒண்ணாக் கொட்டிக் கிளறிட்டு, ஆளுக்கு ஒரு சோறு எடுத்துப் பதம் பாத்திருக்கேன். ஒரே மாதிரிதானே இருக்கும்? வேற எப்படி இருக்கும்?"

இரட்டையரை அடிக்கடி பார்க்கும் கூடமாக இருந்திருந்தால் யாராவது சுதாரித்திருப்பார்கள். இவர்களுடையது ரத்தத்திலேயே ஊறிய கூடம். ரத்தம் உடம்புக்குச் சாட்சி சொல்லும் என்பதை யாரும் சந்தேகப்பட்டதே இல்லை. நூறு பேருக்கு அது சரி. இந்த இரண்டு பேருக்கு மட்டும் ரத்தம் பொய்ச் சாட்சி.

கருவில் கலக்காமல், ஆளுக்கு ஆள் தனியாக வளர்ந்த எதையாவது எடுக்க வேண்டும். கண்ணுக்குள் ஊசி விட முடியாது. ஆனால் கருவில் கண்ணின் திரையை உண்டாக்கும் அதே மேல் அடுக்குத்தான் தோலையும் முடியையும் உண்டாக்குகிறது. ரத்தம் கண்ணுக்கு ஊர்க்காரன் என்றால், முடி கண்ணுக்குப் பங்காளி. பங்காளியைக் கேட்டால் வீட்டு விஷயம் கொஞ்சம் அதிகமாகத் தெரியும்.

மறுநாள் அண்ணி கூடத்தில் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, டைரக்டரம்மா முன்னிலையில், முடி முடியாகப் பிடுங்கினாள். நடு மண்டையில் கொஞ்சம், காதோரம் கொஞ்சம், பின்கழுத்தில் கொஞ்சம். வேர் ஒட்டிக்கொண்டு வந்தால்தான் செல்லும். வேர் இல்லாததற்கு மறுபடி. கன்னத்தின் உள்பக்கமும் பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்தாள், அது துணைச் சாட்சிக்கு. இத்தனை நாளாகப் பேச்சில் பிடுங்கினது போதாதா என்று சின்னவள் முனகினாள். நாத்தனார் தலைமுடியைப் பிடித்து இழுக்க ஆபீஸ் நேரத்திலேயே அனுமதி கிடைத்த அண்ணி உலகத்திலேயே இவர் ஒருத்தர்தான் என்றாள் பெரியவள். டைரக்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டு குறி எழுதினார்.

இந்தத் தடவை இரண்டு மாதிரியும் எதிரெதிர்த் திசையில் போயின. ஒருத்தியிடம் இரண்டு நீளமும் கலந்து வந்தன. சில முடியில் நெட்டை, சில முடியில் குட்டை, குட்டை கொஞ்சம் கூடுதல். அதாவது அப்பாவின் எக்ஸே அதிகம் சுருண்டிருந்தது. மற்றவளிடம் ஏறக்குறைய எல்லா முடியிலும் நெட்டை மட்டும். அம்மாவின் எக்ஸ் அடியோடு சுருண்டு கிடந்தது. கன்னமும் அதையே சொன்னது. அண்ணி முடிவை டைரக்டரம்மாவிடம் நீட்டினாள். அவர் குறிகளைச் சரிபார்த்துவிட்டு, கலந்தது பெரியவள், நெட்டை சின்னவள் என்றார்.

அன்று வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டு முடித்த பிறகு, சின்னவள் சமையலறையில் அண்ணியின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மாவோட நல்ல பிரதி என் கண்ணுக்குள்ளயேதான் இருக்கு. இல்லையா அண்ணி?"

"ஒவ்வொரு செல்லுலயும் இருக்கு."

"அதைப் பிரிச்சு விட முடியாதா?"

அண்ணி அவளுக்கு இனிப்புத் தடவிப் பதில் சொல்லவில்லை. அந்த உருண்டையை இளக்கப் பல பேர் பல இடத்தில் முயன்றுகொண்டிருக்கிறார்கள். ஆனால் முழு எக்ஸையும் திறந்தால் வேண்டாத ஆயிரம் ஜீன்களும் சேர்ந்து பேச ஆரம்பிக்கும்; வேண்டிய ஒன்றை மட்டும் கண்ணின் லட்சக்கணக்கான செல்களில் திறக்க இன்றைக்கு யாருக்கும் தெரியாது. "இன்னைக்கு முடியாது," என்றாள். "முடியவே முடியாதுன்னு நான் சொல்ல மாட்டேன்." சின்னவள் துண்டை எடுத்துப் பாத்திரங்களைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ரயில் ஆஸ்பத்திரியில் குழு கூடிய அறை சின்னது. ரயில் டாக்டரோடு இன்னும் இரண்டு பேர் மேஜைக்குப் பின்னால் இருந்தார்கள். அண்ணி ரத்த முடிவையும் முடி முடிவையும் சேர்த்தே மேஜையில் வைத்தாள். முதல் முடிவு தனக்கு எதிராக வந்தது, ஏன் அப்படி வந்தது என்பதிலிருந்துதான் ஆரம்பித்தாள். டாக்டர் குறுக்கே பேசாமல் கேட்டார். அவருக்கும் பிரசவ அறையில் வேலை பார்த்த அனுபவம் இருந்தது. ஒரே நஞ்சு என்றதும் அவரே தலையசைத்தார்.

"முடி கண் ஆகாதே," என்றார்.

"ஆகாது டாக்டர். பங்காளி சாட்சிதான்."

"சரி. இவங்களுக்கு இப்போ கலந்துதான் இருக்கு. பத்து வருஷம் கழிச்சு, திறந்திருக்கிற நல்லதும் போய்ச் சுருண்டுக்கிச்சுன்னா?"

இந்தக் கேள்விக்காகத்தான் அண்ணி காத்திருந்தாள். நிறம் பார்க்கும் செல்கள் பிறந்த பிறகு பெருகுவதில்லை என்றாள். தோல் உதிர்ந்து முளைக்கும், ரத்தம் அழிந்து ஊறும். இந்தச் செல்கள் மட்டும் பிறக்கும்போது வந்தவையே கடைசி வரை. கருவிலேயே எதைச் சுருட்டுவது என்று முடிவு செய்து, முத்திரை குத்தி உட்கார்ந்துவிட்டவை. புதுச் செல் வராத இடத்தில் புதுக் குலுக்கலும் கிடையாது. சின்னவளுக்கு வந்தது நோயே இல்லை, பிறக்கும் முன்பே விழுந்த சீட்டு. பெரியவளுக்கு அதே நாள்களில் வேறு சீட்டு விழுந்தது. ஒருத்திக்கு விழுந்தது மற்றவளுக்கு இனிமேல் வந்து விழ வழியில்லை.

"வேற ஏதாவது கண் நோய் வரலாம். அது உங்களுக்கும் வரலாம், எனக்கும் வரலாம்," என்றாள். "எந்த ஜீன் எழுதியிருக்குன்னு நான் சொல்லலாம் டாக்டர். எது சுருண்டிருக்குன்னு சொல்லலாம். பாக்குதா இல்லையான்னு கண்ணைத்தான் கேக்கணும். நீங்க கேட்டீங்க. அது எல்லாப் பக்கத்தையும் படிச்சுது."

டாக்டர் இரண்டு வரைபடங்களையும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு மற்ற இருவரிடமும் ஏதோ கேட்டார். அச்சு ஒன்றானாலும் சுடும்போது நிறம் மாறும் என்று யாருக்கோ சொல்வது போலச் சொல்லிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். மற்ற ஓட்டுநர்களுக்கு எப்போது பரிசோதனையோ அப்போதே இவளுக்கும். தனிச் சலுகையும் இல்லை, தனித் தண்டனையும் இல்லை. சின்னவளின் மனு நிராகரிக்கப்பட்டது அப்படியே நின்றது. அவள் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள். டாக்டருக்கு நன்றி சொல்லிவிட்டு, உங்கள் ஆஸ்பத்திரி லிஃப்ட் மூன்றாவது மாடியில் உதறுகிறது, ஆளை வரச் சொல்லுங்கள் என்றாள்.

அடுத்த வாரம் பெரியவள் சீருடை போட்டுக்கொண்டு கிளம்பினாள். அண்ணியும் சின்னவளும் ஸ்டேஷன் வரை போனார்கள். நடைமேடையின் கோடியில், ஓட்டுநர் அறை வந்து நிற்கும் இடத்தில் இருவரும் நின்றார்கள். பெரியவள் உள்ளே ஏறி, கண்ணாடியைத் துடைத்து, எல்லாவற்றையும் ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இவர்கள் பக்கம் திரும்பவில்லை. வேலையில் உட்கார்ந்துவிட்டால் அவள் யார் பக்கமும் திரும்புவதில்லை.

தூரத்தில் கம்பத்தின் மேல் ஒரே ஒரு விளக்கு. மேலே கீழே என்று இடம் பார்த்துச் சொல்ல வழியில்லாத புது மாதிரி. ஒரே கண், நிறம் மட்டும் மாறும். சின்னவள் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுகள் மூடின. ரயில் ஓர் இழுப்பு இழுத்து நகர்ந்தது.

"பச்சை," என்றாள் சின்னவள்.

அண்ணி ஆச்சரியத்தோடு திரும்பினாள். "எப்படித் தெரிஞ்சுது?"

"அவ கிளம்பிட்டாளே."